இறக்கத்தில் லாரிக்குப் பிரேக் பிடிக்காமல் போனால்: டிரைவர்களும் கிளீனர்களும் கேட்கும் கேள்விகள்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, தேனி வழியாகப் போடிமெட்டுக்கும் குமுளிக்கும் ஏறி இறங்குகிற லாரிகள், வத்தலக்குண்டு தாண்டிக் காட்ரோட்டில் திரும்பிக் கொடைக்கானலுக்குச் சிமென்டும் அரிசியும் கொண்டுபோகிற லாரிகள் என்று பலவும் பிரேக் வேலைக்கு எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்கு வருகின்றன. வேலை முடிகிற வரை காத்திருக்கும் டிரைவர்களும் கிளீனர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் பிரேக் வேலை பார்க்கிறவன் சொல்வது. பெரும்பாலும் காற்றழுத்தத்தில் வேலை செய்கிற ஏர் பிரேக் வண்டிகளைப் பற்றியவை. சின்ன வண்டிகளுக்கு வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

இறக்கத்தில் மிதிக்கிறேன், வண்டி நிற்கவில்லை. முதலில் என்ன செய்வது?

கியரை விடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். வண்டி எந்தக் கியரில் இருக்கிறதோ அதிலேயே இருக்கட்டும், கிளட்சில் கால் வைக்க வேண்டாம், எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக் குழாயை அடைத்து இன்ஜின் பிடியைக் கூட்டுவது) இருந்தால் போடுங்கள். வேகம் கூடிய பிறகு கீழ்க் கியருக்கு இறக்கப் பார்த்து, அது விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் இன்ஜின் பிடியும் போய்விடும். லோடு வண்டி நியூட்ரலில் மலை இறங்குவதைவிட மோசமான நிலை எதுவும் கிடையாது. வேகம் இன்னும் கைக்குள் இருக்கிறது, கியர் நிச்சயம் விழும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஒரு கியர் இறக்குங்கள்.

அடுத்து ஏர் கேஜைப் பாருங்கள். இந்த ஒரு பார்வைதான் அடுத்து என்ன செய்வது என்று சொல்லும். பெரும்பாலான வண்டிகளில் முள் 7, 8 பாரை ஒட்டி நிற்க வேண்டும். அது கீழே இறங்கிக்கொண்டிருந்தால் எங்கோ காற்று போகிறது. முள் அசையாமல் மேலேயே நிற்க, பெடலும் அடிவரை போக, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம் சூடேறிவிட்டது, அல்லது பிரேக்கின் இடைவெளியைச் சரியாக வைக்கிற ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மிதித்து மிதித்து விட்டால் பிடித்துவிடும் என்று பழைய டிரைவர்கள் சொல்கிறார்களே?

அது ஆயில் பிரேக் வண்டிக்குச் சொன்னது. 407, சின்ன யானை போன்ற வண்டிகளில் லைனில் காற்று புகுந்தோ ஆயில் குறைந்தோ பெடல் சும்மா போனால், வேகமாக நாலைந்து முறை மிதித்து விட்டால் கொஞ்சம் பிடி கிடைக்க வாய்ப்பு உண்டு. ஏர் பிரேக்கில் ஒவ்வொரு மிதிக்கும் டேங்கிலிருந்து காற்று செலவாகிறது. லீக் ஆகிற வண்டியில் மிதித்து மிதித்து விட்டால் இருக்கிற காற்றையும் நீங்களே வெளியே விடுகிறீர்கள். ஒரே மிதி, அழுத்தமாக, விடாமல். ஏர் ஹாரனையும் அடிக்காதீர்கள். அதுவும் காற்றில்தான் வேலை செய்கிறது. கரண்ட் ஹாரனும் ஹெட்லைட்டும் போதும்.

ஹேண்ட் பிரேக் போடலாமா?

போடலாம், ஆனால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இப்போதைய லாரிகளில் பின் சக்கரச் சேம்பருக்குள் (காற்றழுத்தத்தை வாங்கிப் பிரேக்கைத் தள்ளுகிற கூடு) ஒரு முரட்டு ஸ்பிரிங் இருக்கிறது. அதை அமுக்கி வைத்திருப்பதே காற்றுதான். காற்றை எடுத்தால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடிக்கும். அதனால்தான் காற்று முழுக்கப் போன வண்டி தானாகவே பூட்டிக்கொள்கிறது. அந்தச் சின்ன லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் பிடியும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டி, வளைவில் வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும்.

ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக்குக்கென்று தனி டிரம் இல்லை, டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற ஷூவும் தனியாக இல்லை. காற்று போனதால் பிரேக் போயிருந்தால் ஹேண்ட் பிரேக் காப்பாற்றும். சூட்டினால் போயிருந்தால், அதே சூடான டிரம்மைத்தான் அதுவும் பிடிக்கப் போகிறது. அப்போது அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஸ்பிரிங் சேம்பர் இல்லாத பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் நின்ற வண்டியைப் பிடித்து வைக்கத்தான். ஓடுகிற லோடு வண்டியை அது நிறுத்தாது.

எதிலும் நிற்கவில்லை. வண்டியை எங்கே விடுவது?

மலைப் பக்கம். பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் வேண்டாம். மலைச் சரிவில், மண் திட்டில், ஜல்லிக் குவியலில், புதரில் பக்கவாட்டில் உரசி உரசி வேகத்தைக் குறைக்க வேண்டும். நேருக்கு நேர் கொண்டுபோய் மோதினால் பின்னால் இருக்கிற லோடு கேபினுக்குள் வந்துவிடும். மேலூர்ப் பக்கம் கிரானைட் கல் ஏற்றியவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முடிவை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. வேகம் 30இலிருந்து 60 ஆனால் வண்டியின் மோதும் சக்தி நாலு மடங்கு ஆகிறது. “அடுத்த வளைவு தாண்டினால் மட்டம் வந்துவிடும்” என்று நினைத்து விட்டுவிட்ட அந்த நூறு மீட்டரில்தான் உரசி நிறுத்தக்கூடிய வண்டி நிறுத்த முடியாத வண்டியாகிறது. பம்பரும் கதவும் போகட்டும். தகரத்தை நாங்கள் தட்டி எடுத்துவிடுவோம்.

சமதளத்தில் என்றால் நம் ஊர்ப் பக்கம் ரோட்டோரம் சீமைக் கருவேலங்காடு நிறைய உண்டு. லாரியின் வேகத்தை அது நன்றாகவே வாங்கிக்கொள்ளும். உழுது போட்ட காடும் நல்லது. ஆனால் உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் ரோட்டிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே இருக்கும். இரவில் தெரியாது. பழக்கமில்லாத இடத்தில் ரோட்டை ஒட்டியே உரசுங்கள், உள்ளே வெகுதூரம் இறக்காதீர்கள். கண்மாய்க் கரையில் இறக்கவே வேண்டாம், சரிவில் வண்டி உருண்டுவிடும்.

இன்ஜினை ஆஃப் செய்தால் நின்றுவிடாதா?

நிற்காது. பவர் ஸ்டீயரிங் போய்விடும், கம்ப்ரசரும் நின்றுவிடும். இன்ஜின் ஓடட்டும்.

குதித்துவிடலாமா?

வேண்டாம். பெல்ட் போட்டுக்கொண்டு கேபினுக்குள் இருப்பவருக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம். டிரைவர் குதித்துவிட்டால் எதிரே வருகிற பஸ்ஸுக்கு யார் பொறுப்பு?

கிளீனர் கீழே இறங்கிக் கட்டை போட்டு நிறுத்துவது வழக்கம்தானே?

இந்த வழக்கம் ஒழிய வேண்டும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது கட்டையோடு குதித்து, பின் சக்கரத்துக்கு முன்னால் போடப் பாய்கிற பையன்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. நடக்கிற வேகத்தில் உருள்கிற லோடு வண்டிகூடக் கட்டையை ஏறித் தாண்டும், அல்லது கட்டையைத் தெறிக்க விடும். தெறித்த கட்டை காலை உடைக்கும். கை வழுக்கினால் சக்கரத்துக்கு அடியில் கிளீனர்தான் இருப்பான். கட்டை, முழுக்க நின்ற வண்டி மறுபடி உருளாமல் இருக்கப் போடுவது.

ஓடுகிற வண்டியில் கிளீனருக்கு வேறு வேலை இருக்கிறது: பெல்ட் போட வேண்டும், கேஜைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஹசார்டு லைட்டைப் போட வேண்டும், இடப் பக்கம் மண் திட்டு எங்கே வருகிறது என்று சொல்ல வேண்டும். டிரைவரின் கண் ரோட்டை விட்டு அகலாமல் இருக்க இது பெரிய உதவி. டிரைவர்கள் கிளம்பும் முன்பே இதைத் தம்பிகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

வண்டி நின்றுவிட்டது. அடுத்து?

உடனே கட்டை. இறக்கத்தைப் பார்த்து நிற்கிற வண்டிக்குச் சக்கரங்களின் முன்பக்கம், ஏற்றத்தைப் பார்த்து நின்றால் பின்பக்கம், இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும். கியரிலேயே விடுங்கள். முன் சக்கரத்தை மலைப் பக்கம் திருப்பி வையுங்கள். கட்டை போடாத வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது, ஒரு நொடிகூட.

பிறகு ஹசார்டு லைட், சிவப்பு முக்கோணம். வளைவு தாண்டி வண்டி நின்றால் முக்கோணத்தை வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும். வண்டிக்குப் பின்னாலேயே வைத்தால் பார்த்தவனுக்கு நிறுத்த நேரம் இருக்காது. வேப்பங்கொப்பு ஒடித்துச் செருகுவது பகலில் சரி, இரவில் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

டிரம்மில் புகை வருகிறது. தண்ணீர் ஊற்றலாமா?

சூடான வார்ப்பிரும்பு டிரம்மில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். அந்த விரிசல் அன்று தெரியாது, அடுத்த நடையில் டிரம் இரண்டாகும். புகை மட்டும் என்றால் தானாக ஆற விடுங்கள். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே அனல் தெரியும். ஓரளவு மட்டமான இடமாக இருந்தால் கட்டைகளை உறுதியாகப் போட்டுவிட்டு ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுவது நல்லது, ஷூ டிரம்மை விட்டு விலகிச் சீக்கிரம் ஆறும். சரிவில் அதைச் செய்யாதீர்கள்.

டயரில் தீயே பிடித்துவிட்டால் கணக்கு மாறிவிடும். அப்போது டிரம்மைப் பற்றிக் கவலைப்படாமல் தீயணைப்பானும் நிறையத் தண்ணீரும் அடியுங்கள். டயருக்கு நேர் பக்கத்தில் நிற்காதீர்கள், வெடிக்கும்.

காற்று எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டை போட்டாகிவிட்டது, இறக்கத்தில் வண்டி உருள வழியில்லை என்று உறுதியான பிறகு, இன்ஜினை ஓடவிட்டுக் காற்று ஏற்றி ஆஃப் செய்யுங்கள். மலையில் வேறு வண்டி வராத நேரத்தில் அமைதியாக இருக்கும், லீக் காதுக்கே கேட்கும். டிரைவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கிளீனர் வண்டியைச் சுற்றி நடக்கட்டும். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் சேம்பருக்குள் இருக்கிற ரப்பர் சவ்வு (டயாப்ரம்) அல்லது அந்தச் சக்கரத்துக்குப் போகிற ஹோஸ். மிதிக்காதபோதும் சத்தம் வந்தால் டேங்க், பைப், வால்வு.

சத்தம் கேட்ட இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், முட்டை விடும் இடம்தான் ஓட்டை. நான் அதிகம் பார்க்கிற இடத்தைச் சொல்கிறேன்: சேஸில் உரசிக்கொண்டே போகிற ரப்பர் ஹோஸ். வெளியே வெறும் கீறலாகத் தெரியும். விரலால் மடக்கிப் பார்த்தால் கீறல் வாயைத் திறந்து உள்ளே நூல் தெரியும், அங்கிருந்து காற்று சீறும். தளர்ந்த நட்டாக இருந்தால் ஸ்பேனரால் முறுக்கிச் சரிசெய்யலாம். கிழிந்த ஹோஸுக்கு டியூப் ரப்பரைச் சுற்றிக் கம்பி கட்டுவது வேலையே இல்லை. 8 பார் காற்றுக்கு அது நிற்காது. ஒரு ஹோஸும் இரண்டு கனெக்டரும் டூல்ஸ் பெட்டியில் எப்போதும் கிடக்க வேண்டும்.

பின் பிரேக் பூட்டிக்கொண்டு வண்டி நடுரோட்டில் நிற்கிறது. எப்படி நகர்த்துவது?

ஸ்பிரிங் சேம்பரின் பின்பக்கம் ரப்பர் மூடிக்குள் ஒரு துளை இருக்கும். அதற்கான நீள போல்ட் பெரும்பாலும் சேம்பரின் பக்கத்திலேயே செருகியிருக்கும். போல்ட்டை உள்ளே விட்டுக் கால் சுற்றுத் திருப்பி மாட்டி, நட்டை முறுக்கினால் ஸ்பிரிங் பின்னால் இழுபட்டுப் பிரேக் விடும். இதைச் செய்யும் முன் எல்லாச் சக்கரங்களுக்கும் கட்டை இருக்க வேண்டும். செய்த பிறகு அந்தச் சக்கரத்துக்கு ஹேண்ட் பிரேக் இல்லை என்பது நினைவில் இருக்க வேண்டும். ஓரம் கட்டுவதற்கு மட்டும்தான் இது, ஊர் வந்து சேர்வதற்கு அல்ல.

சேம்பரின் நடுவே சுற்றி இருக்கிற கிளாம்ப் நட்டில் ஸ்பேனர் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே அமுங்கி இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வேகத்தில் வெளியே வரும். பட்டறையிலேயே அதைப் பயந்துதான் தொடுவோம்.

கட்டி இழுப்பதாக இருந்தால் கயிறோ சங்கிலியோ கூடாது. பிரேக் இல்லாத வண்டி முன்னால் போகிற வண்டியில் ஏறிவிடும். இரும்பு பார் வேண்டும், அல்லது கிரேன். வெகுதூரம் இழுத்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் போய்விடும்.

ஆறிய பிறகு பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கூடாது, காரணம் தெரியாமல் கூடாது.

சூட்டில் போன பிரேக் ஆறினால் திரும்ப வரும். ஏன் சூடானது என்பதற்கான காரணம் அப்படியே இருக்கும். ஒரு பக்கச் சக்கரத்தில் அட்ஜஸ்டர் தளர்ந்திருந்தால் மற்ற சக்கரங்கள் அதன் வேலையையும் சேர்த்துச் செய்து காய்ந்திருக்கும். ஆயில் சீல் கசிந்து, ஷூவின் மேல் இருக்கிற லைனிங்கில் எண்ணெய் ஏறியிருந்தால் அது ஆறியும் பிடிக்காது. காய்ந்த லைனிங்கைக் கழற்றிப் பார்த்தால் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கும், டிரம்மில் நீலம் நீலமாகத் திட்டு விழுந்திருக்கும். அந்த லைனிங் மட்டமான ரோட்டில் ஒரு மிதிக்குப் பிடிக்கும். “சரியாகிவிட்டது” என்று நம்ப வைப்பதும் அந்த ஒரு மிதிதான். அடுத்த கொண்டை ஊசி வளைவில் மறுபடி சூடேறும்போது முதல் தடவையைவிடச் சீக்கிரம் போய்விடும்.

அட்ஜஸ்டர்தான் காரணம் என்று கண்ணால் பார்த்து, அதைச் சரிசெய்து, எல்லாச் சக்கரங்களிலும் சேம்பரிலிருந்து வருகிற புஷ் ராடு ஒரே அளவு வருகிறது என்று தெரிந்து, காற்றும் கசியாமல் நின்று, லைனிங்கும் டிரம்மும் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் பார்த்துச் சொன்னால் கிளம்பலாம். அதில் ஒன்று குறைந்தாலும் மெக்கானிக்கை மேலே வரவழையுங்கள். லோடை வேறு வண்டிக்கு மாற்றுங்கள்.

முதலாளி “சரக்கு அழுகிவிடும், எப்படியாவது கொண்டு வா” என்கிறார்.

சின்னமனூர் வாழைத்தாரும் மலைக் காய்கறியும் காத்திருக்காது, உண்மைதான். புகையடித்த டிரம்மையும், கிழிந்த ஹோஸையும், கேஜையும் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பிவிட்டுப் பிறகு பேசுங்கள். படத்தைப் பார்த்த பிறகும் ஓட்டு என்று சொல்கிறவர்கள் குறைவு. முதலாளிகளுக்கும் ஒன்று: விபத்து வழக்கில் “திடீரென்று பிரேக் போய்விட்டது” என்று மட்டும் சொன்னால் தப்ப முடியாது. கவனமாகப் பராமரித்தும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு அது என்று நிரூபிக்க வேண்டியது உரிமையாளர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1977லேயே சொல்லிவிட்டது. பிரேக் வேலை பார்த்த பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

போன் சிக்னல் இல்லை. யாரைக் கூப்பிடுவது?

கீழே இறங்குகிற அரசு பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டரிடம் வண்டி நம்பர், இடம், என்ன கோளாறு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் இடம் மாறிப்போகும். குமுளி ரோடு என்றால் லோயர் கேம்ப், போடிமெட்டு என்றால் மேலே இருக்கிற சோதனைச் சாவடி என்று எங்கே தகவல் போக வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். “மலையில் நிற்கிறது” என்றால் யாருக்கும் புரியாது. குமுளி ரோட்டில் என்றால் இரைச்சல் பாலத்துக்கு மேலேயா கீழேயா, எத்தனையாவது வளைவு, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்று குறியுங்கள். சிக்னல் கிடைத்தால் அடிபட்டவர்களுக்கு 108, போலீஸுக்கு 112, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033.

யாருக்காவது அடிபட்டுவிட்டால் டிரைவர் என்ன செய்ய வேண்டும்?

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது முதல் கடமை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 134 இதைத்தான் சொல்கிறது. கூட்டம் அடிக்க வருகிறது என்றால் அங்கேயே நின்று உதவ முடியாத நிலைமையையும் அந்தப் பிரிவு ஏற்றுக்கொள்கிறது. அப்படி விலக நேர்ந்தால் நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்விடுங்கள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். உதவ வருகிற ஊர்க்காரர்கள் பயப்பட வேண்டாம், நல்லெண்ணத்தோடு உதவியவர்களுக்கு 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது.

இப்படி நடக்காமல் இருக்க இறக்கத்தில் எப்படி இறங்குவது?

ஏறிய கியரில் இறங்குங்கள், முடிந்தால் அதற்கும் ஒன்று கீழே. கியரை இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். பிரேக்கை விடாமல் லேசாக மிதித்துக்கொண்டே வருவது டிரம்மைக் காய்ச்சும். வேகம் கூடும்போது நன்றாக ஒரு மிதி, வேகம் குறைந்ததும் விடுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களுக்கு: இப்போதைய இன்ஜின்களில் கியரோடு இறங்கும்போது டீசல் தானாகவே நின்றுவிடும், நியூட்ரலில்தான் செலவாகிறது. ஆண்டிபட்டி கணவாய் மாதிரிச் சின்ன இறக்கங்களில்தான் இந்தப் பழக்கம் ஆரம்பிக்கிறது, பிறகு கை குமுளியிலும் அதையே செய்கிறது.

ஓவர்லோடு வேண்டாம். அபராதமே 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் மேலே. பிரேக் அந்த எடைக்குச் செய்யப்படவில்லை என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியது?

தினமும் ஏர் டேங்கின் வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை விடுங்கள். கறுப்பு எண்ணெயாக வந்தால் கம்ப்ரசரைக் காட்டுங்கள். காற்றை முழுக்க ஏற்றி, இன்ஜினை நிறுத்தி, ஒரு நிமிடம் பெடலை மிதித்துப் பிடியுங்கள். முள் கண்ணுக்குத் தெரிய இறங்கிக்கொண்டே போனால் அந்த வண்டி மலை ஏறக் கூடாது. காற்று குறைந்தால் கத்துகிற பஸ்ஸர் தொல்லை என்று வயரைப் பிடுங்கி வைத்திருந்தால் இன்றே மாட்டுங்கள். பாண்டி கோயிலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தில் ஏற்றி எடுத்த வண்டிக்கும் இதெல்லாம் உண்டு. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருடத்துக்கு ஒரு முறைதான், லைனிங் அதற்குள் பல தடவை தேய்ந்துவிடும்.

கட்டைக்குப் பதில் கல் வைத்தோம். கிளம்பும்போது ஏதாவது கவனிக்க வேண்டுமா?

அந்தக் கல்லை எடுத்து ரோட்டை விட்டு வெளியே போட வேண்டும். வண்டி ரெடியான அவசரத்தில் கல்லை அப்படியே விட்டுப் போகிறார்கள், இருட்டில் பைக்கில் வருகிறவன் அதில் ஏறி விழுகிறான். நட்டு, கம்பி, எண்ணெய் சிந்திய இடம் எல்லாவற்றையும் பாருங்கள். எண்ணெய் மேல் மண் அள்ளிப் போடுங்கள். முக்கோணத்தை எடுத்துவர கிளீனரை அனுப்பினால் அவன் திரும்பி வந்து ஏறிய பிறகு கட்டையை எடுங்கள்.